கயிற்றின் முனையில்

ஆரல்வாய்மொழி
3.4.1995

அன்புள்ள கஸ்தூரி,

நலம். உன் கழுத்துவலி குறைந்ததா? பட்டறை முதலாளி இங்கே நிறுவிய ஆறு காற்றாலைகளும் மார்ச் முப்பத்தொன்றுக்குள் சுற்றிவிட்டதாகக் காட்டியாயிற்று. அப்படிக் காட்டினால்தான் போட்ட முதல் முழுவதையும் இந்த ஆண்டு லாபத்தில் கழித்து, முதலாளி வரியிலிருந்து தப்பலாம். ஆனால் மார்ச்சில் இங்கே காற்று ஏது? அம்பத்தூர்ப் பட்டறை ஆட்களை ரயிலேற்றி வரவழைத்து, இறக்கையில் கயிறு கட்டி இழுத்தோம். நானும் முனையில் நின்று இழுத்தேன். நம் பின்வீட்டுத் தேவராஜ், "இன்னா சார், காத்தாடி பாக்கலாம்னு இட்டாந்துட்டு தேர் இஸ்க்க வுட்டுட்டீங்களே!" என்றான். சுற்றுவதற்கு அத்தாட்சியாகப் படமெடுக்க வந்தவரே சிரித்துவிட்டு, நாங்கள் கயிறு இழுப்பதையும் ஒரு படம் எடுத்துத் தந்தார். மறுநாள் எல்லோரையும் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனேன்.

மே பிறந்தால் காற்று வந்துவிடும். நிலக்கரிக்கு நாடு கையேந்த வேண்டியதில்லை. விடுமுறைக்கு வாயேன்.

அன்புடன்,
ரகுநாதன்

அம்பத்தூர்
12.4.1995

அன்புள்ள உங்களுக்கு,

கழுத்துவலி இருக்கிறது. நானும் இருக்கிறேன்.

முதலீடு பொருளை உண்டாக்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் முதலாளிக்குக் காற்று அடிக்கும் முன்பே போட்டதில் ஏறக்குறையப் பாதி திரும்பிவிட்டது. அது வானத்திலிருந்து விழவில்லை. அரசுக்கு வரியாக வந்திருக்க வேண்டியது. காற்றுக்கு நான் எதிரியல்ல. சுற்றினாலும் நின்றாலும் சலுகை ஒன்றுதான் என்றால், சுற்றவைக்க யார் மெனக்கெடுவார்கள்? பட்டறையின் கிழட்டு லேத்துகளை மாற்றச் சொல்லி எத்தனை முறை கெஞ்சினீர்கள். அந்தப் பணம்தானே அங்கே கம்பமாக நிற்கிறது?

தேவராஜ் கொண்டுவந்த படத்துக்கு அவர் மனைவி தாயம்மா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். "எங்கூட்டுக்காரரு ஒரு இஸ்ப்பு இஸ்தாரு, ஊருக்கே கரண்ட்டு வந்துச்சு" என்று வருவோரிடமெல்லாம் பெருமை.

விடைத்தாள் திருத்த வேண்டும். வர இயலாது.

உங்கள்
கஸ்தூரி

ஆரல்வாய்மொழி
20.1.1997

அன்புள்ள கஸ்தூரி,

பொங்கலுக்கு வர முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. லாபத்தை எப்படிக் கழித்தாலும் கட்டியே ஆக வேண்டும் என்று போன பட்ஜெட்டில் வந்த புது வரிக்குப் பிறகு காற்றாலை போட யாரும் முன்வருவதில்லை. நம் முதலாளிக்கு நிற்பவையே போதுமாம். மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றால் வருமானம். பார்த்துக்கொள்ள ஆறு பேர் போதும். பட்டறை என்றால் நூறு பேருக்குச் சம்பளம், போனஸ், யூனியன். ஏப்ரலில் மூடுகிறார்.

எனக்கு இங்கே மேனேஜர் பதவி, தோட்டத்தோடு வீடு. நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. இனியாவது சேர்ந்திருப்போம். பட்டறைச் செய்தி நம்மோடு இருக்கட்டும். கையிலிருக்கும் ஆர்டர் முடியும்வரை ஆட்கள் கலையக் கூடாது.

அன்புடன்,
ரகுநாதன்

அம்பத்தூர்
25.1.1997

அன்புள்ள உங்களுக்கு,

தேவராஜைப் பக்கத்திலிருக்கும் பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிப்ரவரி பத்துக்குள் சேர வேண்டும். "பழைய எடத்த வுட மன்சு வர்ல. நீங்க இன்னாம்மா சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார். நாற்பது கடந்தவருக்கு இன்னொரு அழைப்பு வராது. நீங்கள் ஒரு வரி எழுதினால் போய்விடுவார். வீட்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.

உங்கள்
கஸ்தூரி

ஆரல்வாய்மொழி
1.2.1997

கஸ்தூரி,

ஒருவனுக்குச் சொன்னால் நூறு பேருக்குத் தெரியும். என் பதவி போகும். நீயும் வாய் திறக்காதே, என்மேல் ஆணை. எல்லாம் நமக்காகத்தான்.

ரகுநாதன்

அம்பத்தூர்
21.4.1997

ரகுநாதன் அவர்களுக்கு,

பட்டறைக் கதவில் பூட்டும் நோட்டீசும் தொங்குகின்றன. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்றே தேவராஜிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "சும்மா இரும்மா. சார் இருக்கறப்ப எங்கள வுட்ருவாரா? எங்ககூட கயிறு இஸ்தவராச்சே" என்றார். பாடிக்குப் போகவில்லை. இப்போது போய்க் கேட்டதற்கு ஆள் எடுத்தாயிற்று என்றார்களாம்.

தாயம்மா அந்தக் கயிறு இழுக்கும் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, நீங்கள் நிற்கும் ஓரத்தைப் பின்னால் மடித்து, மறுபடி மாட்டியிருக்கிறாள். எல்லோரும் சிரித்தபடி இழுக்கிறார்கள். கயிறு சட்டத்தின் ஓரம்வரை போய் நின்றுவிடுகிறது.

நம் கூடத்திலிருக்கும் கல்யாணப் படத்தையும் எடுத்துப் பார்த்தேன். மடித்தால் மடிப்பு என் தோள்மேல் விழுகிறது. அதனால் அப்படியே உங்கள் துணிகளோடு பெட்டியில் வைத்திருக்கிறேன். நாளை ரயில் பார்சலில் போடுகிறேன். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

கஸ்தூரி