சுவரைத் தடவிவிட்டேன்

ஜூலை 8, செவ்வாய்
காலை ஏழுக்கே புழுக்கம். நெல்லித்தோப்பிலிருந்து சேதராப்பட்டு வரை லாரிகளுக்குப் பின்னால் ஸ்கூட்டர்.

எட்டு வருடம் ஆர்க்கிடெக்ட். இப்போது தகர ஷெட்டில், சுவர் போடும் ரோபோ கைக்கு மண் குழைத்து ஊட்டும் ஆராய்ச்சி மாணவி. வெள்ளிக்கிழமை ஆராய்ச்சி ரிவ்யூ. கைடு சார் என்னை ஆராய்ச்சியில் வைத்துக்கொள்வாரா, அனுப்புவாரா, அன்று தெரியும்.

அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம்: "வீடு கட்டிட்டு இருந்தவ, இப்ப முறுக்கு பிழியற மிஷினுக்கு மாவு பிசையறா." தப்பில்லை. அப்படித்தான் இருக்கிறது.

ஜூலை 9, புதன்
முதுகு வலி. குழாய் முனை இரண்டு முறை அடைப்பு. மூன்றாம் முறை சுவர் எழுந்தது, இடுப்பு உயரம். அடுக்குகள் பிதுங்கி, ஒரு பக்கம் தொப்பை. பார்க்கச் சகிக்கவில்லை. மட்டப்பலகையால் தேய்த்து, ஈர ஸ்பாஞ்சால் தடவிவிட்டேன். கட்டட சைட்டில் வந்த பழக்கம். பிறகு சுவரின் வடிவத்தை ஸ்கேன் எடுத்து சாருக்கு அனுப்பினேன்.
வாங்க: தைலம், அம்மாவின் பிபி மாத்திரை, பால்.

ஜூலை 10, வியாழன்
சார் துள்ளுகிறார். "இவ்ளோ நேரா யாருக்குமே வரலைங்க. நாளைக்கு இதையே காட்டலாம்."

அப்போதுதான் உறைத்தது. மண் எவ்வளவு பிதுங்குகிறது என்று அளக்கத்தானே ஸ்கேன்? பிதுங்கியதை எல்லாம் துடைத்துவிட்டேன். அவர் மெச்சியது என் கையை, மிஷினை அல்ல.

சொல்லவில்லை. நான் தடவியதை யாரும் பார்க்கவும் இல்லை. வெட்கம். பயமும்.

பழைய ஆபீஸ் சீனியர் போன். "உன் சீட்டு காலியாத்தான் இருக்குது. எப்ப வர்ற?" ஒரு நிமிடம் ஆசைதான்.

ஜூலை 11, வெள்ளி
ரிவ்யூவுக்கு முன் சொல்லிவிட்டேன்.
"ஏன் தடவுனீங்க?"
"அசிங்கமா இருந்துச்சு சார்."
"நீங்க இன்னும் வீடுதான் கட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றார். ரிவ்யூ ரத்து. "நாளைக்கு இன்னொண்ணு போடுங்க. கை படாம. அப்புறம் பாக்கலாம்." வைத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை.
சாப்பிடாமல் படுத்தேன்.

ஜூலை 12, சனி
தூறல். பன்னிரண்டாம் அடுக்கிலேயே தொப்பை. கை பரபரத்தது. துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டில் மெல்லச் சாய்ந்தது. உள்ளங்கையை வைத்திருந்தால் நின்றிருக்கும். வைக்கவில்லை. விழுந்தது. அழுகை வந்துவிட்டது.

சார் பக்கத்தில் வந்து, "எத்தனாவது அடுக்குல சாஞ்சது?"
"பதினெட்டு."
"எழுதுங்க. மண்ணு இளகிப் போச்சு. திங்கக்கெழம இன்னும் கெட்டியா பிசைங்க."

திங்கட்கிழமை என்றார்.