இறுக்கி மூடிய டப்பா

பாப்பா அம்மாவுக்கு,

பாப்பாவைக் கூட்டிட்டு வந்ததும் கொல்லைப்பக்கம் விடாதே. கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போறேன். நான் கதவுக்கு அடிக்கிற தண்ணி வார்னிஷ் டப்பா அங்கே வயிறு மாதிரி உப்பிக் கிடக்கு. ஹார்ட்னர்ங்கிற இறுக வைக்கிற மருந்து கலந்த இந்தப் பாலியூரிதேன் வார்னிஷை இறுக்கி மூடினா, உள்ளே வாயு சேர்ந்து வெடிக்குமாம். கடைக்காரர் இப்பத்தான் போன்ல கத்தினார்.

நேத்தே நீ லேபிளைப் படிச்சுட்டு, இறுக்கி மூடாதேன்னு சொன்னே. "வெறும் தண்ணிதானே, என்ன பண்ணிடும்?"னு உன்மேல எரிஞ்சு விழுந்தேன்.

சோறு வடிச்சிருக்கேன். கோபத்துல பட்டினி கிடக்காதே.

எங்கே போறேன்னு எழுதவே கை வரல. நேத்து நான் வேலை முடிச்ச வீட்டிலயும் வார்னிஷ் மிச்சத்தை இதே மாதிரி இறுக்கி மூடி, தொட்டிலுக்கு அடியில தள்ளிட்டு வந்தேன். போன் அடிக்குது, யாரும் எடுக்கல. அந்தக் குழந்தை தூங்கற நேரம் இது.