பிடித்த பதில் கிடைக்கும்வரை

பிப்ரவரி 4, செவ்வாய்

புள்ளியியல் வகுப்பு முடிந்ததும் செவிலியர் துறை விரிவுரையாளர் ஒருவர் படிவக் கட்டோடு வந்தார். மாணவர்கள் உடல்நலத் தகவல்களை இணையத்தில் எப்படித் தேடுகிறார்கள் என்று ஆய்வாம். பெயர் எழுத வேண்டாம் என்றார். முதல் கேள்வி: தேடிக் கண்டுபிடிப்பது எளிதா? ‘மிக எளிது’ என்று டிக் அடித்தேன். ஏழாவது: கிடைத்தது நம்பத்தகுந்ததா என்று உங்களால் சொல்ல முடியுமா?

அதைக் காலியாக விட்டுக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

ரேடியோவின் கட்டிலில் இப்போது என் துணிகள்தான் படுத்திருக்கின்றன.

ரேடியோ என் அறைத்தோழி. கண் விழித்ததிலிருந்து வாய் ஓயாது. அதனால் விடுதி முழுக்க அந்தப் பெயர்தான். பல் தேய்த்துக்கொண்டே கதை சொல்வாள், நுரை முழங்கை வரை வழியும். ஞாயிறு மதியங்களில் ஒரே தலையணையில் சாய்ந்து, ஆளுக்கொரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு மருத்துவ வீடியோக்கள் பார்ப்போம். எலுமிச்சைத் தோலைத் தொப்புளில் வைத்தால் மூட்டுவலி பறந்துவிடும் என்பார் ஒருவர். வயிறு நோகச் சிரிப்போம். ஏமாறுவதெல்லாம் மற்றவர்கள் என்று நினைத்திருந்தோம். எவ்வளவு நல்ல நாட்கள்!

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுதித்தான் ஆகவேண்டும்.

போன செப்டம்பர். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றாள். தேடினோம். முதல் பக்கத்திலேயே இருந்தது: சர்க்கரை நோயாக இருக்கலாம், உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

“அதெல்லாம் எங்க பெரியப்பாவுக்கு வர்ற வியாதிடி” என்று சிரித்தாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. மேலும் தேடினோம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், இது வெறும் களைப்பு, பத்து நாள் பழச்சாறு மட்டும் குடித்தால் உடல் சுத்தமாகிவிடும் என்றார். அந்த வீடியோவை அவளுக்கு அனுப்பியது நான். ஆரஞ்சு பிழிந்து கொடுத்ததும் நான்தான்.

நான்காம் நாள் காலை, நூலகப் படிக்கட்டில் வாந்தி எடுத்தாள். மூச்சு இரைத்தது. அப்படியே சரிந்தாள். கல்லூரி மருந்தக நர்ஸ் அவள் விரல் நுனியில் குத்தி, கருவியைப் பார்த்தார். உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

அந்த மருந்தகம் எங்கள் விடுதியிலிருந்து இருநூறு அடி. போயிருக்கலாமே — ஏன் போகல? ஏன்டீ போகல?

பிழைத்துக்கொண்டாள். அவள் அம்மா பெட்டி கட்ட வந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “நீ கூடவேதானம்மா இருந்தே?”

அன்றிலிருந்து நான் அவளுக்குப் போன் செய்யவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

அவள் எண்ணை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பேசிவிட்டேன்.

“உயிரோடதான் இருக்கியா?” என்றாள். அவள், என்னைப் பார்த்து!

“அந்த வீடியோவை நான் அனுப்பாம இருந்திருந்தா...”

“சும்மா இருடி. முதல் பக்கத்துலயே சரியா போட்டிருந்தான். நானும்தானே படிச்சேன்? புடிச்ச பதில் கிடைக்கிற வரைக்கும் தேடினது நான்.”

“நாம.”

“சரி, நாம. அதுக்கு அஞ்சு மாசம் பேசாம இருப்பியா? ஊசிகூட அவ்வளவு வலிக்கலை.”

அழுகை வந்துவிட்டது. அவள் விடவில்லை, ஒரு மணி நேரம் பேசினாள். தினம் நான்கு இன்சுலின் ஊசியாம். சாப்பிடுவதை எல்லாம் டாக்டர் சொன்ன செயலியில் குறிக்கிறாளாம். “அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் வீடியோவைக் கடைசி வரைக்கும் பாத்தியா? ஜூஸ் பவுடர் விக்கிறான்டி! இப்பல்லாம் யார் சொல்றான், எதை விக்கிறான்னுதான் முதல்ல பாக்கறேன்.”

மார்ச் 11, செவ்வாய்

செவிலியர் துறைக்குப் போய், என் படிவத்தைத் திருத்த வேண்டும் என்றேன். “பேரே இல்லாததை எங்கேம்மா தேடறது?” என்று விரிவுரையாளர் சிரித்தார். காரணம் கேட்டார். சொன்னேன். கேட்டு முடித்ததும், “வெள்ளிக்கிழமை முதலாமாண்டு வகுப்புல இதையே சொல்றியா?” என்றார்.

மார்ச் 14, வெள்ளி

ரேடியோவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சொன்னேன். முடிந்ததும் மூன்று பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். மருந்தகம் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது அவர்களுக்கு.

கூடவே நடந்துபோய்க் காட்டினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ரேடியோ வந்துவிட்டாள். இரண்டாம் ஆண்டை மறுபடி படிக்கிறாள். தரைத்தளத்தில் அறை, புது அறைத்தோழி. ஊசி மருந்து வார்டன் அறைக் குளிர்பெட்டியில் இருக்கிறது. பழைய அறை இனி எங்களுடையது இல்லை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

கேன்டீன் வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல்: “அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஜூனியர் பசியோட இருக்கேன்.”

என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். இன்று மட்டும் ஐந்து முறை அக்கா என்றாள். ஐந்து முறையும் முதுகில் ஒன்று வைத்தேன்.