முதலாளி, ஓனர், புரொப்ரைட்டர்

இன்று காலை டீக்கடைப் பக்கம் போனேன். புது பிளெக்ஸ் வெயிலில் சூடானால் ஒரு வாடை வரும். அந்த வாடைதான் முதலில் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் நீ. கோட்டு போட்டிருக்கிறாய். மரக்காணத்து வெயிலில் கோட்டு. உயிரோடு இருந்தவரை நீ போட்டதில்லை. கழுத்துக்குக் கீழே யாருடைய உடம்பையோ ஒட்டியிருக்கிறார்கள். நாளைக்கு உன் கருமாதி. அதற்காக உன் பையன் கட்டி வைத்தது.

எனக்கு எழுத்து தெரியாது. உன் பேருக்குக் கீழே நீளமாக ஏதோ இங்கிலீஷில் போட்டிருந்தது. டீக்கடைக்காரனிடம் கேட்டேன். புரொப்ரைட்டர் என்றான். அப்படியென்றால்?

"ஓனர்தான் தாத்தா. பேங்க்ல, போர்டுல எல்லாம் அப்படித்தான் போடுவாங்க."

அப்போது முதலாளி என்றால் என்னவென்று கேட்டேன். அதுவும் அதுதான் என்றான். ஒரே ஆளுக்கு எதற்கப்பா இத்தனை பேர் என்றேன். "ஒண்ணு போதாதுன்னு நெனக்கிறவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினான். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவதும் அவன்தான். பேச்சை எழுத்தாக மாற்றிக்கொள்ளப்பா, ஏச்சை மட்டும் குறைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

நீயும் நானும் உப்பளத்தில் ஒன்றாக அளம் மிதித்தவர்கள். மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடிந்ததும் பாத்தியின் களிமண் குழைந்து கிடக்கும். வரிசையாக நின்று, ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டு, தரை இறுகும் வரை மிதிக்க வேண்டும். தனியாக ஒருத்தனால் அது முடியாது, சறுக்கிவிடும். என் இடது தோளில் எப்போதும் உன் கைதான். அதிலும் நீ சோம்பேறி. பாதி பாரத்தை என்மேல் போட்டுவிட்டுக் காலை மட்டும் தூக்கித் தூக்கி வைப்பாய்.

பிறகு சென்னைக்குக் குடிபோன ஒருவரின் பாத்திகள் உன் கைக்கு வந்தன. குத்தகைதான். அந்த மண் சர்க்காருடையது, தண்ணீர் கழுவெளி ஏரியிலிருந்து வருவது, காய்ச்சிக் கொடுப்பது வெயில். இதில் உனக்குச் சொந்தம் என்று சொல்ல உன் துண்டைத் தவிர எதுவும் கிடையாது. ஆனால் அந்த வாரமே முதலாளி என்று கூப்பிடச் சொன்னாய். நம்மோடு உப்பு சுமந்த கஸ்தூரி பாவம், பழக்கத்தில் "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டாள். தலையில் உப்புக்கூடையோடு அவளை நிறுத்தி வைத்துக்கொண்டு, அண்ணன் வீட்டில், இங்கே முதலாளி என்றாய். கூடையிலிருந்து உப்புத்தண்ணீர் அவள் கண்ணில் வடிந்துகொண்டிருந்தது. நீ பேசி முடிக்கிற வரை அவள் துடைக்கவில்லை.

கொஞ்ச காலத்தில் முதலாளி பழசாகிவிட்டது. லாரி டிரைவர்கள் ஓனர் என்றார்கள், அது உனக்குப் பிடித்துப்போனது. எங்களுக்கும் அதே உத்தரவு. அந்த வார்த்தை வந்ததும் காலில் ஷூவும் வந்தது. பாத்திக்குள் செருப்போடு யாரும் இறங்க மாட்டார்கள், தரை பெயர்ந்து உப்பில் சேறு ஏறும் என்று. சோதிக்க வருகிற அதிகாரிகூட வரப்பிலேயே கழற்றி வைப்பார். நீ ஷூவோடு நடு பாத்தி வரைக்கும் போனாய். நீயே மிதித்த தரை. அந்தப் பாத்தியில் உப்பு கறுத்து வந்தபோது எங்களைத் திட்டினாய்.

புரோக்கர் போனில் உன்னைப் பற்றிப் பேசும்போது "பார்ட்டி" என்பான். அது உன் காதில் விழுந்திருந்தால் அன்றைக்கே செத்திருப்பாய். ஒருநாள் பரோட்டாக் கடையில் ஒரு பையன் உன்னைப் பாஸ் என்றான். நீ மீசையைத் தடவினாய். அவன் திரும்பிப் பார்த்து, கல்லில் மாவு அடிக்கிறவனையும் பாஸ் என்றான். அப்போது உன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். பரோட்டாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாய்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கஸ்தூரியின் புருஷன் செத்த அன்றைக்கு நீ செய்ததற்குத்தான் சிரிக்க முடியவில்லை. அளம் மிதித்தவன் செத்தால், பிணத்தை எடுக்கிற வரைக்கும் யாரும் பாத்தியில் இறங்குவதில்லை, உப்பு வாருகிற பலகையைத் தொடுவதில்லை. முதலாளி வீட்டுச் சாவுக்கு அது இல்லை. மாலை வாங்கிக்கொண்டு போவோம், வேலை அது பாட்டுக்கு நடக்கும். இது உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைக்கு எல்லோரும் பலகையை வைத்துவிட்டுக் கிளம்பும்போது நீ லாரியோடு வந்து நின்றாய்.

"ஒரு லேபர் செத்ததுக்கு ஒரு லோடு நிக்கணுமா?"

அவனும் உன்னோடு மிதித்தவன்தான். உன் கை என் தோளில் என்றால் அவன் கை உன் தோளில் இருந்தது. வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்து, அவனைத் தூக்கிக்கொண்டு போகிற வழியிலேயே லோடு ஏற்றினாய். கஸ்தூரி அழுகையை நிறுத்திவிட்டு அந்த லாரியையே பார்த்தாள்.

அப்புறம் நீ செத்தாய். விடியற்காலையில் தகவல் வந்தது. வரப்பில் எல்லோரும் பலகையோடு நின்றுகொண்டு, இறங்குவதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார்கள். பாத்தியில் உப்பு வாருகிற பதத்தில் இருந்தது; வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. ஒரு மழை போதும், அத்தனையும் கரைந்துவிடும். உன் பையன் பைக்கில் வந்தான். சின்ன வயதில் பெரியப்பா என்பான். அன்றைக்குப் பெரியவரே என்றான்.

"எங்கப்பா ஒண்ணும் லேபர் இல்ல பெரியவரே. ஓனர். வேலைய நிறுத்தி அவர அசிங்கப்படுத்தாதீங்க. மழைக்குள்ள வாருங்க."

எனக்கு அது சரி என்றே பட்டது. வாழ்நாளெல்லாம் நீ ஆசைப்பட்ட வார்த்தை, உன்னோடு போகட்டும். இறங்குங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கஸ்தூரி முந்திக்கொண்டாள். உன் வீட்டுக்குப் போய்விட்டு நேராக அங்கே வந்திருந்தாள்.

"மாமா, குளிப்பாட்டறப்ப காலப் பாத்தேன். பித்தவெடிப்பு முழுக்க உப்பு தின்ன தழும்பு. எத்தினி ஷூ போட்டாலும் போவல. இதுவா ஓனரு?"

சொல்லிவிட்டுப் பலகையை வரப்பில் வைத்தாள். மெதுவாகக்கூட வைக்கவில்லை, போட்டாள். பக்கத்தில் நின்றவளுக்கு விளங்கியதும் பொங்கி வந்த சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவளும் வைத்தாள். பிறகு எல்லோரும். நானும்.

நன்றாகக் கேட்டுக்கொள். உன்மேல் இருந்த மரியாதைக்காக நாங்கள் நிற்கவில்லை. மழைக்கு முன்னால் வாரியிருந்தால் உன் பையன் சொன்னபடி நீ ஓனராகப் போயிருப்பாய். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதால் லேபராகப் போனாய். உன் பையன் கத்தினான், கெஞ்சினான், யாருக்கோ போன் போட்டான். மழை வந்தது. உன் உப்பு உன் கண்ணெதிரே கரைகிற மாதிரி நினைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன். பிறகு எல்லோரும் சேர்ந்து போய் உன்னைத் தூக்கினோம். கனத்தாய். அப்போதும் என்மேல்தான் அதிக பாரம்.

செத்தவனிடம் கோபம் வைக்கக் கூடாது என்கிறார்கள். நான் வைத்திருக்கிறேன். இன்னும் அதில் ஒரு துளி குறையவில்லை, குறைக்கவும் போவதில்லை. எத்தனையோ முதலாளிகள் வந்தார்கள், போனார்கள். அவர்களில் ஒருத்தன்மேலும் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.