ஏணிக்கு மட்டும் ஏன் துருப் பிடிக்கவில்லை

பேகம்பூர், திண்டுக்கல்
செவ்வாய்க்கிழமை

அன்பான அத்தாவுக்கு, பாஸிலா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் தோள்வலி குறைய அம்மா ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறார்.

பாரூக் அண்ணன் வெள்ளிக்கிழமை பஹ்ரைன் திரும்புகிறார். கறி ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் உங்களுக்காக அவர் பெட்டியில் வைக்கிறேன். போனில் பேசினால் நான் பாதியைச் சொல்லாமலே வைத்துவிடுவது உங்களுக்குத் தெரியுமே.

இங்கே வெயில்தான். மலைக்கோட்டைப் பாறைச் சூடு ராத்திரியிலும் தணியவில்லை. தங்கச்சி அஃப்சானா பத்தாவதில் தேறிவிட்டாள். இனி பஸ் வேண்டாம், சைக்கிள்தான் என்று அடம் பிடிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் என்ன ஆராய்ச்சி செய்யப் போகிறாய் என்று இஷாக் சின்னத்தா கேட்டார். உலோகத்தின் மேல் ஆக்சைடு வளர்ப்பது என்றேன். அவருக்குப் புரியவில்லை. பேச்சை முடித்தால் போதும் என்று, “துரு மாதிரி” என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே உங்களைப் போனில் கூப்பிட்டு, “அண்ணே, நீங்க அங்கன துருவைச் சுரண்டுறீக, உங்க மக இங்கன துரு வளக்கப் போறாளாம்” என்று சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. “பதினாலு வருசமா கப்பல் கப்பலாச் சுரண்டுறேன். எம் புள்ளை அதைத் தொடக் கூடாதுன்னுதானே” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். நேற்று மாலை ஏழு மணிக்குக் கூப்பிட்டு அம்மாவிடம், “புள்ளை தூங்கியிருக்கும், எழுப்பாதே” என்றீர்களாம்.

தப்பு என் வார்த்தையில்தான், அத்தா. அது துரு இல்லை.

நான் ஏழாவது படிக்கும்போது நீங்கள் போனில் கேட்டது நினைவிருக்கிறதா? “அதே உப்புத்தண்ணி, அதே காத்து. கப்பல் இரும்பு செதில் செதிலா உரியுது. அலுமினிய ஏணி மட்டும் அப்படியே நிக்குது. ஏன்னு உங்க டீச்சர்ட்ட கேளு.” வெட்கப்பட்டு நான் கேட்கவே இல்லை. கல்லூரிப் புத்தகத்தில்தான் பதில் கிடைத்தது. அலுமினியமும் காற்றுப் பட்டதும் மேலே ஒரு தோல் போல ஆக்சைடாக மாறுகிறது. ஆனால் அந்தத் தோல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. இறுக ஒட்டிக்கொண்டு காற்றை மேலும் உள்ளே விடாது. இரும்பின் துரு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு வேலை ஓயவில்லை.

நேர்முகத் தேர்வில் இந்தப் பாடம் ஏன் என்று கேட்டார்கள். உங்கள் ஏணியைச் சொன்னேன். ஒரு பேராசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டு, “உங்க அப்பா கேட்ட கேள்விக்கு நாங்களே இன்னும் முழுசா பதில் சொல்லி முடிக்கலை” என்றார். இடம் கிடைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அந்த ஆய்வகத்தில் ஒரு எஃகுக் கலத்திலிருந்து காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, வெள்ளித் தகட்டின் மேல் துளி ஆக்சிஜன் விட்டு மக்னீசிய அணுக்களைப் படியவிடுவார்கள். வெள்ளி அணுக்கள் நெருக்கமானவை. முதல் ஆக்சைடு அடுக்கு அதற்கேற்ப ஒடுங்கி உட்காருகிறது. அடுக்குகள் ஏற ஏறத் தன் சொந்த இடைவெளிக்கு வந்துவிடுகிறது. தேர்வுக்குப் போன நாளில் கருவியின் பச்சைத் திரையில் பொட்டுப் பொட்டாக அதை நானே பார்த்தேன். அன்று மதியம் சாப்பிட மறந்துவிட்டேன்.

இருபதாம் தேதிக்குள் சேர்கிறேன் என்று தெரிவிக்க வேண்டும். பதிலை எழுதி வைத்துவிட்டேன். உங்கள் வாயால் கேட்காமல் அனுப்ப மாட்டேன். விடுதியும் உதவித்தொகையும் அவர்களே தருகிறார்கள். அதனால் என் படிப்பைச் சொல்லி பஹ்ரைனில் இன்னும் இரண்டு வருடம் வேலை என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

மாடித் தொட்டிக்கு அம்மா ஒரு ஏணி வாங்கியிருக்கிறார், அலுமினியம்தான். கீழே ஆள் பிடித்தால்தான் ஏறுவாராம். நான் பிடித்தால் நம்பிக்கை இல்லையாம்.

கடிதம் கைக்கு வந்ததும் கூப்பிடுங்கள், அத்தா. ஏழு மணிக்கு நான் தூங்கியிருக்க மாட்டேன்.

உங்கள் துஆவை வேண்டும் மகள்,
பாஸிலா