கிருஷ்ணம்மா மார்க் கலர்

செடெனாக்,
9-2-1936

அன்புள்ள அண்ணனுக்கு, சந்திரமதி எழுதுவது.

உங்கள் மாப்பிள்ளை வாத்தியாரும் பிள்ளைகளும் நானும் சுகம். உங்கள் சோடா கம்பெனிக்கு நீங்கள் கேட்ட லேபிள் படம் ஒருவழியாக முடிந்துவிட்டது. நாளைக் காலை ரயிலில் உங்கள் மாப்பிள்ளையே கொண்டுவந்து தருவார். மடித்துவிடாதீர்கள். மடிப்பீர்கள் என்று தெரிந்தும் சொல்லி வைக்கிறேன்.

படத்தில் இருப்பது ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண். தலையில் முண்டாசு, இடுப்பில் வெட்டுக் கத்தி, ஒரு கையில் பால் வாளி, மறு கையில் நம் ஆரஞ்சுக் கலர். ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிரிக்கிறாள். தோட்டத்துக் கடையில் யாரும் எழுத்தைப் படித்துக் கலர் வாங்குவதில்லை அண்ணா. "யானை போட்டது குடுங்க, கப்பல் போட்டது குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். யானையும் கப்பலும் அவர்களுக்கு என்ன உறவு? தங்களைப் போல ஒருத்தி போத்தலில் நின்றால் கை தானாக அங்கே போகும்.

இதற்காக நின்றவள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த லயத்து வரிசை வீட்டுக் கிருஷ்ணம்மா. மூன்று ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிறதை விட்டுவிட்டு வெயிலில் நின்றாள். "என் மூஞ்சியப் போட்டு விப்பாங்களா? ஒங்கண்ணனுக்கு வேற வேலை இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே நின்றாள். கட்டாயம் வரும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

உங்கள் தங்கை,
சந்திரமதி


ஜொகூர் பாரு,
4-4-1936

அன்புத் தங்கை சந்திரமதிக்கு அண்ணன் ஐயாசாமியின் ஆசி.

படம் வந்தது. மேசை இழுப்பறைக்குள் போகவில்லை, அதனால் ஒரே ஒரு மடிப்பு. உன் கை நன்றாகத் தேறிவிட்டது. சிங்கப்பூர் அச்சகத்தில் யார் வரைந்தது என்று கேட்டார்கள். என் தங்கை என்று பெருமையாகச் சொன்னேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கூலிக்காரி படத்தை ஒட்டிக்கொண்டு நான் இந்தக் கடைத்தெருவில் எப்படி நடப்பேன்? கணக்கெழுதும் கிராணிமார் வீட்டுக் கலியாணத்துக்கெல்லாம் நம் கலர் போகிறது. தோட்டத்து வாடை என் மேல் அடிக்கக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் பாடுபட்டேன். அதனால் தாமரையில் நிற்கும் லெட்சுமி படம் போட்டுவிட்டேன். ஏழு வர்ணத்தில் அச்சு. கண்ணைப் பறிக்கிறது. சாமி படத்தை வேண்டாமென்று எந்தத் தமிழன் சொல்லப்போகிறான்? உன் மனம் நோகக் கூடாதென்று, ஓரத்தில் நீ வரைந்த பூவேலையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை முதல் லாரி உங்கள் தோட்டத்துக்கு வரும். வாரா வாரம் வெள்ளிக்கிழமை கலரை இறக்கிவிட்டு, காலிப் போத்தலை ஏற்றிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி தனியாக அனுப்புகிறேன்.

ஐயாசாமி


செடெனாக்,
14-4-1936

அண்ணனுக்கு,

பெட்டி வந்தது. வருஷப் பிறப்புக்குப் பிள்ளைகள் குடித்தார்கள். நான் தொடவில்லை.

பெட்டியைப் பிரித்தபோது கிருஷ்ணம்மா பக்கத்திலேயே இருந்தாள். ஒரு போத்தலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் எங்க வாத்தியாரம்மா?" என்றாள். லெட்சுமியைக் காட்டினேன். "சரி விடுங்க, சாமி வந்துட்டாங்கன்னா நான் நவுந்துக்க வேண்டியதுதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். எனக்கு மானம் போயிற்று.

கூலிக்காரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முண்டாசை நம் அம்மா இருபது வருஷம் கட்டினாள். அப்போது நீங்கள் அவள் பின்னாலேயே வாளி தூக்கிக்கொண்டு போனீர்கள். இப்போது அது உங்களுக்கு வாடையாகிவிட்டதா? படத்தை வேண்டாம் என்றவர்களுக்கு என் பூ எதற்கு? அடுத்த அச்சில் எடுத்துவிடுங்கள். படத்தைத் திருப்பி அனுப்புங்கள், மடிப்போடு இருந்தாலும் பரவாயில்லை.

சந்திரமதி


ஜொகூர் பாரு,
20-6-1936

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டபடி படத்தைச் சென்ற மாதமே அனுப்பிவிட்டேன். கிடைத்தது என்று ஒரு வரி எழுதக் கூடாதா? உனக்கு வாய்த்த பிடிவாதம் அப்பாவுக்குக்கூட இல்லை.

இப்போது வேறு தலைவலி. கலர் நன்றாகத்தான் விற்கிறது. ஆனால் காலிப் போத்தல் திரும்பி வரவில்லை. லாரி ஓட்டுகிற காளியப்பன் வாரா வாரம் வெறும் பெட்டியோடு வந்து நிற்கிறான். உங்கள் தோட்டம் மட்டுமல்ல, எல்லாத் தோட்டத்திலும் இதே கதை. போத்தல் இல்லாமல் கலரை எதில் அடைப்பேன்? இரண்டு நாளாக மெஷின் நின்றுகிடக்கிறது. குலாயில் சோடா போடுகிற சீன முதலாளி, அந்தத் தவுக்கே, ஆள் வைத்துப் பதுக்குகிறான் என்று எனக்குச் சந்தேகம். உன் காதுக்கு ஏதாவது எட்டியிருந்தால் உடனே எழுது.

ஐயாசாமி


செடெனாக்,
28-6-1936

அண்ணனுக்கு,

தவுக்கே பாவம், அவரை ஏன் இழுக்கிறீர்கள்? உங்கள் போத்தல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. லயத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். சாமி மாடத்தில் நிற்கிறது. மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் மூன்று லெட்சுமி வரிசையாக நிற்கிறாள். எச்சில் படக் கூடாதென்று கலரைக் குவளையில் ஊற்றிக் குடித்துவிட்டு, போத்தலைக் கழுவி உள்ளே கொண்டுபோய் விடுகிறார்கள்.

உங்கள் லாரி வருவது எந்தக் கிழமை? வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் வாசலில் நின்று, வீட்டில் இருக்கிற லெட்சுமியைத் தூக்கிக் கொடு என்றால் எந்தப் பெண் கொடுப்பாள்? உப்பைக்கூடக் கைமாற்றுக் கொடுக்காத நாள் அது. காளியப்பன் கெஞ்சிப் பார்த்துவிட்டு, மறுநாள் சனிக்கிழமையும் வந்தார். அன்றைக்குக் கிருஷ்ணம்மாவே எழுந்து கேட்டாள்: "தொட்டியில ஊறப்போட்டுச் சாமியச் சொரண்டி எடுப்பீங்களாமே? ஒங்களுக்குக் கை வருதா?" மனிதர் வெறும் பெட்டியோடு லாரியில் ஏறிக்கொண்டார்.

ஊரெல்லாம் லெட்சுமி குடியேறிவிட்டாள். நீங்கள்தான் அனுப்பி வைத்தீர்கள்.

சந்திரமதி


ஜொகூர் பாரு,
10-7-1936

தங்கைக்கு,

சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். இங்கே என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது.

சரி, உன் படத்தையே போடுகிறேன். உடனே அனுப்பு. ஆனால் கொஞ்சம் திருத்த வேண்டும். முண்டாசை எடுத்துவிட்டுக் கொண்டையில் பூ வை. கத்தியும் வாளியும் வேண்டவே வேண்டாம். பட்டுச் சேலை கட்டிவிடு. முகத்தை நன்றாக வெளுப்பாக்கு, பார்க்கிறவர்கள் பெரிய வீட்டுப் பெண் என்று நினைக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் எனக்கு வந்தாக வேண்டும்.

முடியாது என்று எழுதாதே. உன் கலியாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வர்ணப் பெட்டி வாங்கித் தந்தவன் நான். அது இல்லாவிட்டால் நீ வாசலில் கோலம்தான் போட்டுக்கொண்டிருப்பாய். இது அண்ணன் உத்தரவு.

ஐயாசாமி


செடெனாக்,
20-9-1936

அண்ணனுக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. முதலில் கோபம் இருந்தது, பிறகு வேலை வந்துவிட்டது.

படம் உங்களுக்கு வராது. நானும் வாத்தியாரும் குலாய்க்குப் போய்த் தவுக்கேயிடம் கொடுத்துவிட்டோம். இந்தப் பெண் நிஜமாகவே இருக்கிறாளா என்று மலாய் மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இருக்கிறாள் என்றேன். மறுநாளே இங்கு வந்து கிருஷ்ணம்மாவைப் பார்த்து, உன்னைப் போட்டுக்கொள்ளலாமா என்று அவளிடமே கேட்டார். உங்களுக்கும் எனக்கும் அது தோன்றவே இல்லை.

முண்டாசு, கத்தி, வாளி, முகத்துக் கறுப்பு எல்லாம் அப்படியே அச்சாகிவிட்டது. நீங்கள் மடித்த கோடும் லேசாக விழுந்திருக்கிறது, சரியாக அவள் கன்னத்தில். "இருக்கட்டும், ஒங்கண்ணன் குடுத்த அறை" என்கிறாள். இப்போது கடையில் எல்லாரும் "கிருஷ்ணம்மா ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். அவளும் போய் "என்னைய ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி, போத்தலோடு வாய் வைத்துக் குடிக்கிறாள்.

வர்ணப் பெட்டியை இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள் தந்தது எனக்கு மறக்காது. ஆனால் அதைச் சொல்லி உத்தரவு போடுவதானால் அது என் வீட்டில் இருக்க வேண்டாம். வேறு வாங்கிக்கொண்டேன். வெளுப்பு வேண்டுமென்று கேட்டீர்களே, அதில் வெள்ளை வர்ணக் குழாய் திறக்காமலே இருக்கிறது. நீங்களே பூசிக்கொள்ளுங்கள்.

பெட்டியோடு ஒரு போத்தல் கிருஷ்ணம்மா கலரும் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு அண்ணனாக வந்தால் இலை போட்டுக் காத்திருப்பேன். முதலாளியாக வருவதானால் வர வேண்டாம். கலரைக் குடித்துவிட்டு, காலிப் போத்தலைக் காளியப்பனிடம் கொடுத்தனுப்புங்கள். எங்கள் போத்தல் எல்லாம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

சந்திரமதி