ஏலம் போகாத வண்டி

தம்பிக்கு,

நீ ஏலத்துக்கு அனுப்பிய அப்பாவின் கார் விலை போகவில்லை. ஒருவர்கூடக் கை தூக்கவில்லை.

வண்டியில் குறையில்லை. பெயின்ட் கார் கம்பெனியிலேயே அடித்தது, எஞ்சினும் மாற்றாதது. பின் சீட்டு ஓரத்தில் நீ சின்ன வயதில் கடித்து வைத்த பல் தடம் அப்படியே இருக்கிறது. ரிப்போர்ட்டில் 'சிறு சேதம்' என்று எழுதினேன்.

ஆமாம், விலை மதிப்பிட்டது நான்தான். அப்பா போனதிலிருந்து நாம் பேசுவதில்லையே, நான் இந்த ஏல ஆபீஸில் வேலை பார்ப்பது உனக்கு எப்படித் தெரியும்?

இந்தத் தொழிலில் மதிப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால்தான் நாலு பேர் ஆசைப்பட்டு வருவார்கள், போட்டியில் விலை ஏறும். கூட்டிப் போட்டால் விற்கிறவருக்கு உச்சி குளிரும். வாங்குகிறவர் திரும்பியும் பார்க்க மாட்டார். உன் வண்டிக்கு இரண்டு மடங்கு போட்டேன். மேனேஜர், "என்னம்மா, தங்கத்துலயா செஞ்சிருக்கு?" என்றார். நீயோ ஆபீஸுக்குப் போன் செய்து, "மதிப்பு போட்டவங்க விஷயம் தெரிஞ்சவங்க" என்று புகழ்ந்தாயாம்.

பணம் அவசரமென்றால் அடுத்த ஏலத்தில் சரியான மதிப்பு போட்டுத் தருகிறேன். கட்டாயம் போகும்.

ஆனால் போகாத வண்டியை உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அது இங்கே விதி. டிரைவரை அனுப்பினால் வெறுங்கையோடு திருப்பிவிடுவேன். மதிய வேளையாக வா. எந்த நாள் என்று சொல்லவும் வேண்டாம். தினமும் இரண்டு பேருக்குத்தான் சாப்பாடு கொண்டுவருகிறேன்.

அக்கா